வண்டியும் அழுகும் பொருள்தான்

நாளிதழின் உள்பக்கத்தில் அடிக்கடி கண்ணில் படும் அறிவிப்பு ஒன்று உண்டு. மதுவிலக்குக் குற்றங்களில் பறிமுதலான இருசக்கர வாகனங்கள் இத்தனை, நான்கு சக்கர வாகனங்கள் இத்தனை, ஆயுதப்படை மைதானத்தில் பொது ஏலம், முன்வைப்புத் தொகை இவ்வளவு, ஆதார் நகலுடன் வரவும், ஏலத்தொகைக்கு மேல் ஜி.எஸ்.டி. தனி. மற்றவர்கள் தேதியையும் இடத்தையும் பார்ப்பார்கள். மதிப்பீடு, யார்டு, ஏலம் என்று இந்தத் தொழிலில் இருக்கும் நாங்கள் முதலில் தேடுவது, பட்டியலில் குற்ற எண்ணுக்குப் பின்னால் சாய்கோடு போட்டு எழுதியிருக்கும் ஆண்டை. அது ஏழெட்டு வருடம் பழையதாக இருந்தால் வண்டியை நேரில் போய்ப் பார்க்க வேண்டியதே இல்லை. டயர் தரையோடு ஒட்டியிருக்கும், பேட்டரி இருந்த இடம் காலியாக இருக்கும், சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கும். அதற்கு ஏலத்தில் என்ன விலை வரும் என்பது அன்றைய பழைய இரும்பு விலையைத் தெரிந்தவருக்குத் தெரியும். விரைவாக, இயல்பாக அழியும் பொருளை வழக்கு முடியும் வரை வைத்திருக்க வேண்டியதில்லை, விற்றுவிடலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் வெகுகாலமாகவே சொல்லி வந்திருக்கிறது. மீனும் தக்காளியும் அந்த வகை என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. வண்டியை மட்டும் பீரோவைப் போல, எத்தனை வருடம் மூலையில் நிறுத்தினாலும் அப்படியே இருக்கும் பொருளாக நினைத்துக்கொள்கிறோம். அரசு போடும் ஒப்பந்தங்களும் அந்த நினைப்பிலேயே எழுதப்படுகின்றன. பிடிபட்ட வண்டிகளுக்கான ஒப்பந்தத்தை விற்கும் நாளுக்காகப் போடுகிறோம். அதைப் பிடித்த நாளிலிருந்து காக்கும் வேலைக்காகப் போட வேண்டும் என்பதே என் கட்சி.

முதலில் வண்டி எப்படி அழுகுகிறது என்று பார்ப்போம். ஓடாமல் நிற்கும் வண்டியில் முதலில் சாவது பேட்டரி. ஈய அமில பேட்டரி சார்ஜ் ஏறாமல் சில மாதம் கிடந்தால் அதன் தகடுகளில் சல்பேட் படிந்துவிடும். பிறகு சார்ஜரில் போட்டாலும் உயிர் வராது. அடுத்தது டயர். ஒரே இடத்தில் மொத்த எடையையும் தாங்கி நிற்பதால் தரையைத் தொடும் பகுதி தட்டையாகி, வெயிலில் பக்கச்சுவர் வெடிக்கத் தொடங்கும். டேங்கில் நிற்கும் பெட்ரோல் பிசின் கட்டி கார்புரேட்டரையோ இன்ஜெக்டரையோ அடைக்கும். டீசல் டேங்கில் ஈரம் இறங்கும். பிரேக் சிலிண்டர் துருப்பிடித்து இறுகும். வயரிங்கை எலி கடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்று போதும், கார்ப்பெட்டுக்கு அடியில் தண்ணீர் நின்று தளத்தகடு ஓட்டையாகிவிடும். இதெல்லாம் இயற்கை செய்கிற வேலை. மனிதன் செய்கிற வேலை தனி. ஸ்டெப்னி, மியூசிக் சிஸ்டம், ஆல்டர்நேட்டர், இ.சி.எம்., சைலன்சரோடு சேர்ந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்று கழற்றச் சுலபமானவையும் காசாகக்கூடியவையும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். இரவில் யார் கழற்றினார்கள் என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் வந்த அன்று அவை இருந்தன என்பதற்கே ஆதாரம் கிடையாது. இன்சூரன்ஸ் துறை இதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. நஷ்ட ஈட்டுக் கணக்கில் ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி ஆகியவற்றுக்குப் பாதி விலையைக் கழித்துவிடுகிறார்கள். முழு வண்டிக்கும் வயதுக் கழிவு உண்டு: ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, பிறகு ஆண்டுக்குப் பத்துப் பத்தாக ஏறி ஐந்தாம் ஆண்டில் 50. ஒழுங்காக ஓடி, சர்வீஸ் பார்த்து, நிழலில் நிறுத்திய வண்டிக்கான கணக்கு அது.

ஆக, பிடிபட்ட வண்டி இரண்டு வகையில் மதிப்பை இழக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததுதான் குழப்பத்தின் ஆரம்பம். ஒன்று வயது இழப்பு. வண்டி எங்கே நின்றாலும் காலண்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. அதில் எட்டு ஆண்டு வழக்கில் போனால், வாங்குபவருக்குக் கிடைப்பது மிச்சம் மட்டுமே. இன்னொன்று காவல் இழப்பு. அதாவது கவனிக்க ஆள் இல்லாததால் மட்டுமே போகிற மதிப்பு. முதல் இழப்பை நீதிமன்ற ஆணை ஒன்றுதான் நிறுத்த முடியும். இரண்டாவதை ஒப்பந்தம் நிறுத்தலாம். இன்றைய ஏற்பாட்டில் இரண்டையும் நிறுத்த ஆள் இல்லை.

வண்டி பிடிபடும் வழிகள் பல. சாராயம் கடத்தினால் 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், கஞ்சா என்றால் 1985-இன் போதைப்பொருள் சட்டம், ஆற்று மணல் என்றால் கனிமச் சட்டம், ரேஷன் அரிசி என்றால் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம், அதற்கு மேல் சுங்கம், வனம், விபத்து, திருட்டு. சட்டத்துக்குச் சட்டம் அதிகாரி வேறு, ஆணையிடும் இடம் வேறு, ஆனால் வண்டி வந்து நிற்கும் இடம் பெரும்பாலும் காவல் நிலையத்தின் பின்புறமோ எதிர்ச் சாலையோரமோதான். ஒவ்வொரு சட்டமும் வண்டியை ஒவ்வொரு கண்ணால் பார்ப்பதும் உண்டு. அரிசி கடத்திய வாடகை லாரிக்கு, பறிமுதலுக்குப் பதிலாக அபராதம் கட்டி மீட்கும் வாய்ப்பை உரிமையாளருக்குக் கொடுத்தாக வேண்டும். அந்த அபராதமும் பிடித்த நாளில் அந்த அரிசியின் சந்தை விலையைத் தாண்டக் கூடாது. கஞ்சா வழக்கில், வண்டி குற்றத்துக்குப் பயன்பட்டது தனக்கோ தன் ஆளுக்கோ தெரியாது, தகுந்த எச்சரிக்கையும் எடுத்திருந்தோம் என்று உரிமையாளர்தான் நிரூபிக்க வேண்டும். சட்டங்கள் இப்படி வேறுபட்டாலும் ஒரு விஷயத்தில் எல்லாம் ஒன்றுபோல ஊமையாக இருக்கின்றன: வண்டிக்கு யார் தார்ப்பாய் போடுவது? நிலையத்தில் கைப்பற்றல் மகஜர் எழுதுபவர் ஒருவர், படிவம் 95-இல் நீதிமன்றத்துக்கு அனுப்புபவர் ஒருவர், சொத்துப் பதிவேட்டை வைத்திருப்பவர் ஒருவர். அவர்கள் எவரும் மெக்கானிக் அல்லர், வாட்ச்மேனும் அல்லர். இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போகிறார்கள், வண்டி மட்டும் மாற்றல் இல்லாமல் நிற்கிறது. நிலையத்து ரைட்டரைக் குறை சொல்வது சுலபம். அவருக்கு அந்த வேலைக்கு ஒரு ரூபாய் ஒதுக்கீடு கூடக் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் பறிமுதல் என்கிறோம். சட்டத்தில் கைப்பற்றுவது வேறு, பறிமுதல் வேறு. கைப்பற்றிய வண்டி இன்னும் உரிமையாளருடையதுதான். பறிமுதல் ஆணை வந்த பிறகே அது அரசுடையது. அதுவரை அரசு அடுத்தவன் பொருளைக் கையில் வைத்திருக்கும் காப்பாளர். இது என் சொந்தத் தத்துவம் அல்ல. 1967-இல் உச்ச நீதிமன்றம் குஜராத் அரசு எதிர் மேமன் மகமது வழக்கில் சொன்ன சட்டம். ஜூனாகத்தில் சுங்க அதிகாரிகள் லாரிகளையும் ஒரு ஸ்டேஷன் வேகனையும் கைப்பற்றினார்கள். கவனிப்பார் இல்லாமல் அவை எலும்புக்கூடாயின. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே உரிமை கோரப்படாத சொத்து என்று விற்கப்பட்டும் போயின. மேல்முறையீட்டில் உரிமையாளர் ஜெயித்து வந்து வண்டியைக் கேட்டபோது கொடுக்க எதுவும் இல்லை. அரசு காப்பாளருக்கு உரிய கடமையில் தவறியது, நஷ்ட ஈடு தர வேண்டும் என்று தீர்ப்பானது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அந்தக் கடமையை நிறைவேற்ற ஒரு ஏற்பாட்டை இன்னும் நாம் செய்யவில்லை.

இன்று இருக்கும் ஒப்பந்தம் எப்படிப்பட்டது? ஆணை வந்த பிறகு வாகன ஆய்வாளர் வந்து மதிப்பு போடுவார். துறையே மைதானத்தில் ஏலம் விடும், அல்லது எம்.எஸ்.டி.சி. போன்ற மத்திய அரசு நிறுவனத்தின் இணைய ஏலத்தில் ஏற்றும். ஏலம் நடத்துபவருக்கு விற்ற தொகையில் கமிஷன். நிபந்தனைத் தாளின் முதல் வரியே ‘எங்கே உள்ளதோ அங்கே, எப்படி உள்ளதோ அப்படி’ என்று தொடங்கும். கமிஷனுக்கு வேலை செய்பவர் வண்டியை முதன்முதலில் பார்ப்பதே அதன் கடைசி வாரத்தில்தான். அதற்கு முந்தைய தொள்ளாயிரம் நாளுக்கு யாருக்கும் கூலி இல்லை, யாருக்கும் பொறுப்பும் இல்லை. கூலி கொடுக்காத வேலை நடக்காது. இது அரசுக்கும் பொருந்தும், மளிகைக் கடைக்கும் பொருந்தும்.

இந்த ஏற்பாட்டின் விளைவு ஏலத்தன்று தெரியும். நூறு, இருநூறு வண்டிகளை ஒரே லாட்டாகக் கட்டினால், அத்தனை பணத்தைப் புரட்டக்கூடிய நாலைந்து பேர்தான் வருவார்கள். ஒரு பைக்கை வாங்கி, சரிசெய்து, ஓட்டிப் பிழைக்க நினைக்கும் மெக்கானிக் வெளியே நிற்பார். அந்த நாலைந்து பேரும் முன்கூட்டியே கைகோத்துக்கொண்டு ஒருவரை மட்டும் கேட்கவிடுவதும், பிறகு தங்களுக்குள் தனி ஏலம் விட்டு வித்தியாசத்தைப் பங்கிட்டுக்கொள்வதும் இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த ‘சிண்டிகேட்’. இணைய ஏலம் இதைக் கொஞ்சம் உடைத்தது, முழுக்க அல்ல. இன்னொரு சிக்கலும் உண்டு. அரசு நிர்ணய விலையைக் கேள்வி எட்டவில்லை என்றால் ஏலம் தள்ளிப்போகும். தள்ளிப்போன ஆறு மாதத்தில் வண்டியின் மதிப்பு இன்னும் இறங்கும், ஆனால் கோப்பில் எழுதிய விலை இறங்காது. ஆகவே அடுத்த ஏலமும் தோற்கும். நேர்மையான அதிகாரி விலையைக் குறைக்கப் பயப்படுவார், நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வரும். விலையைக் குறைத்ததற்குக் கேள்வி கேட்கும் தணிக்கை, வண்டியை எட்டு வருடம் மழையில் விட்டதற்குக் கேட்பதில்லை.

ஆவணச் சிக்கல் இதைவிட மோசம். வாங்கியவர் வண்டியைத் தன் பெயருக்கு மாற்ற மத்திய மோட்டார் வாகன விதிகளில் படிவம் 32 என்று தனிப் படிவமே இருக்கிறது. ஏலத்தில் எடுத்த முப்பது நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருக்கும், சாலை வரி பாக்கி இருக்கும், சேஸிஸ் எண் துருவில் மறைந்திருக்கும். இவற்றை யார் சரிசெய்வது என்று ஏல நிபந்தனை சொல்வதில்லை, அல்லது எல்லாம் வாங்குபவர் பாடு என்று ஒரே வரியில் சொல்லிவிடும். ஆகவே ஓடக்கூடிய வண்டியும் பாகங்களின் விலைக்குத்தான் கேட்கப்படுகிறது. காகிதம் சுத்தமில்லாத வண்டியைச் சென்னைப் புதுப்பேட்டைக்குப் பிரித்துப் போடத்தானே எடுக்க முடியும்? அதோடு, எடைக்குப் போகும் வண்டியின் சேஸிஸ் எண்ணை வெட்டி எடுக்காமல் விட்டால் அந்த எண் வேறொரு திருட்டு வண்டிக்குப் பிறப்புச் சான்றிதழாகிவிடும். 2021-இல் வந்த வாகன அழிப்பு மைய விதிகள் இதை உணர்ந்து, திருட்டு வண்டிப் பதிவைச் சரிபார்க்கவும், எண்ணை வெட்டி வைக்கவும் கட்டாயப்படுத்துகின்றன. மைதான ஏலத்தில் எடுத்து, தள்ளுவண்டியில் ஏற்றிப் போகும் பைக்குகளுக்கும் அந்தக் கட்டுப்பாடு வேண்டும்.

சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2002 அக்டோபர் 1 அன்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: கைப்பற்றிய வண்டிகளைக் காவல் நிலையத்தில் நெடுநாள் வைத்திருப்பதால் பயன் இல்லை. தகுந்த பத்திரமும் ஜாமீனும் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்க வேண்டும். உரிமையாளரோ, இன்சூரன்ஸ் நிறுவனமோ, வேறு யாருமோ கேட்காவிட்டால் ஏலம் விடலாம். நீதிமன்றத்தில் வண்டி முன்வைக்கப்பட்ட ஆறு மாதத்துக்குள் இது நடக்க வேண்டும். 2010-இல் பொதுக் காப்பீட்டு மன்றம் தொடுத்த வழக்கில் அதே கருத்தை மீண்டும் வலியுறுத்த வேண்டி வந்தது, அதாவது முதல் தீர்ப்பு யார்டு வரை போய்ச் சேரவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பொருள் முன்வைக்கப்பட்ட 14 நாளுக்குள் விவரப் பட்டியல், புகைப்படம், தேவையானால் காணொளி, அதன் பிறகு 30 நாளுக்குள் ஒப்படைப்பதா, விற்பதா, அழிப்பதா, பறிமுதலா என்று ஆணை. போதைப்பொருள் வழக்கில் வண்டியை இடைக்காலத்தில் விடக் கூடாது என்ற நம்பிக்கையையும் 2025 ஜனவரியில் பிஸ்வஜித் டே வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, அந்தச் சட்டத்தில் அப்படித் தடை எதுவும் இல்லை என்றது. ஆக, சட்டத்துக்கு வாய் இருக்கிறது, கைதான் இல்லை. 14 நாளுக்குள் பட்டியல் போட ஆள் வேண்டும், படம் எடுத்த வண்டியைப் படத்தில் இருந்தபடியே 30 நாள் வைத்திருக்க இடம் வேண்டும். ஒப்பந்தத்தின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

நான் எழுதினால் அந்த ஒப்பந்தம் இப்படி இருக்கும். மாவட்டத்துக்கு ஒரு யார்டு. தரை கான்கிரீட், கூரை தகரம், சுற்றிலும் வேலி, தீயணைப்புக் கருவி. (2024 ஜனவரியில் டெல்லி வசீராபாத் காவல் பயிற்சிப் பள்ளி வளாகத்தில் நிறுத்தியிருந்த நானூறுக்கு மேற்பட்ட வண்டிகள் ஒரே தீயில் போயின. தீயணைப்புக் கருவியை வீண் செலவு என்பவர்கள் அதை நினைத்துக்கொள்ளலாம்.) வண்டி பிடிபட்ட இருபத்துநாலு மணி நேரத்துக்குள் ஒப்பந்ததாரர் இழுத்துவந்து சேர்க்க வேண்டும். வாசலிலேயே போலீஸ், ஒப்பந்ததாரர், முடிந்தால் உரிமையாளர் மூவரும் கையெழுத்திடும் உட்சேர்ப்புப் பட்டியல்: கிலோமீட்டர் கணக்கு, ஐந்து டயரின் நிலை, பேட்டரி எண், சேஸிஸ், இன்ஜின் எண்களின் படம், வாகன் தரவுத்தளத்தில் இருந்து உரிமையாளர், ஃபைனான்ஸ், வரி விவரம். இந்தப் பட்டியல்தான் ஒப்பந்தத்தின் உயிர். இது இருந்தால் ஸ்டெப்னி காணாமல் போனதற்கு ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். பிறகு பேட்டரி இணைப்பைக் கழற்றுவது, மாதம் ஒருமுறை இன்ஜினை ஓட்டுவது, டயர் காற்று பார்ப்பது என்று சில்லறைப் பராமரிப்பு. இதற்குப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் தேவையில்லை, மாதச் சம்பளத்தில் இரண்டு மெக்கானிக் போதும். விற்கச் சொல்லி ஆணை வந்தால் வண்டி வண்டியாகத் தனித்தனி ஏலம், காகிதங்களைச் சுத்தப்படுத்தி.

கணக்கு கட்டுப்படியாகுமா? வாதத்துக்காக ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இன்று நாலு லட்சம் போகும் கார், நாளொன்றுக்கு 50 ரூபாய் காவல் கூலி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 18,250 ரூபாய். புதிதில் ஏழு லட்சம் விலையுள்ள அந்தக் காரின் வயதுக் கழிவு மட்டுமே ஆண்டுக்குப் பத்து சதவீதம், அதாவது 70,000. காவல் இழப்பு அதற்கு மேல். கார் விஷயத்தில் கூலி தாராளமாகக் கட்டுப்படியாகும். ஆனால் யார்டில் பெரும்பாலும் நிற்பவை கார்கள் இல்லை, பழைய பைக்குகள். எட்டாயிரம் ரூபாய் பெறும் பைக்குக்கு நாளொன்றுக்கு 15 ரூபாய் கொடுத்தாலும் ஒன்றரை வருடத்தில் கூலி வண்டியைத் தின்றுவிடும். ஆகவே பைக்கை நன்றாகக் காத்து வைப்பதும் தீர்வு ஆகாது. குறைந்த மதிப்புள்ள வண்டியை முப்பது நாளில் பத்திரம் வாங்கி விட்டுவிட வேண்டும், இல்லையேல் விற்றுவிட வேண்டும், இல்லையேல் அழிப்பு மையத்துக்கு அனுப்ப வேண்டும். காவல் ஒப்பந்தத்தின் பெரிய நன்மையே இதுதான்: நாள்கூலி என்று ஒரு பில் மாதாமாதம் மேசைக்கு வந்தால், முடிவெடுக்காமல் இருப்பதற்கு ஒரு விலை உண்டு என்பது முதல் முறையாக அதிகாரியின் கண்ணுக்குத் தெரியும். இன்று அந்த விலை துருவாக இருக்கிறது, துரு எந்தப் பட்ஜெட்டிலும் வராது.

இதே வழியில் முன்னே போனவர்கள் அமெரிக்கர்கள். 1984-இல் நீதித்துறைக்குப் பறிமுதல் நிதியம், 1992-இல் கருவூலத் துறைக்குத் தனியாக இன்னொன்று. வண்டிகளை இழுப்பது, வைப்பது, பராமரிப்பது, விற்பது எல்லாவற்றையும் தனியார் ஒப்பந்ததாரர்களிடம் விட்டார்கள். அங்கும் எல்லாம் சுகமாக நடக்கவில்லை. 1990-இல் அமெரிக்கத் தணிக்கை அலுவலகம் தன் முதல் ‘அதிக ஆபத்து’ப் பட்டியலிலேயே பறிமுதல் சொத்து நிர்வாகத்தைச் சேர்த்தது. பட்டியலில் இருந்து அது வெளியே வர 2003 ஆனது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை அவர்களின் இரண்டு பழக்கங்கள். ஒன்று, வண்டியைப் பிடிப்பதற்கு முன்பே கணக்குப் பார்ப்பது: கடன் போக மிஞ்சும் மதிப்பு குறிப்பிட்ட தொகைக்குக் கீழே என்றால், வேறு வலுவான காரணம் இல்லாமல் பறிமுதலுக்கே போவதில்லை. பல ஆண்டுகள் வண்டிக்கு அந்த வரம்பு 5,000 டாலராக இருந்தது. இன்னொன்று, வழக்கு நடக்கும்போதே இடைக்கால விற்பனை. மத்திய நீதிமன்றங்களுக்கென 2006 டிசம்பரில் வந்த துணை விதி ஜி, கெட்டுப்போகும் பொருளையும், வைத்திருக்கும் செலவு மதிப்புக்குப் பொருந்தாத பொருளையும் வழக்கு முடியும் முன்பே விற்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. எடுக்கக் கூடாத பழக்கம் ஒன்றும் உண்டு. அங்கே பல இடங்களில் பறிமுதல் பணம் பிடித்த துறைக்கே போகிறது. பணத்துக்காகவே வண்டி பிடிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு அதனால்தான் எழுந்தது. பங்கு தரும் யோசனை நம் ஊரிலும் யாருக்காவது தோன்றினால் முளையிலேயே கிள்ளிவிட வேண்டும்.

இனி மறுப்புகள். வண்டி சான்றுப் பொருள், விற்றுவிட்டால் வழக்கு பலவீனமாகும் என்பது காவல் துறையின் பழைய வாதம். எட்டு வருடம் கழித்து நீதிமன்றம் பார்க்கப்போவது எதை? ரகசிய அறை வைத்துத் தைத்த சீட்டை எலி தின்றிருக்கும், எண்ணைத் துரு தின்றிருக்கும். முதல் வாரத்தில் எடுத்த படமும் பட்டியலும் அதைவிட நல்ல சாட்சி, புதிய சட்டம் அவற்றைச் சான்றாக ஏற்கவும் சொல்கிறது. குண்டு வைத்த வண்டி, கொலை நடந்த வண்டி போன்ற சிலவற்றை நிறுத்தி வைக்கத்தான் வேண்டும். அவற்றைக் கூரைக்குக் கீழே வைப்பதும் இதே ஒப்பந்தத்தின் வேலைதான்.

குற்றம் நிரூபணம் ஆகும் முன் ஒருவர் வண்டியை விற்பது அநியாயம் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. அதை நான் லேசாக ஒதுக்கமாட்டேன். விற்ற பணத்தை வங்கியில் வைப்பாகப் போட்டு, விடுதலையானால் வட்டியோடு கொடுக்கலாம் என்பது எங்கள் தொழிலில் வழக்கமாகச் சொல்லும் பதில். ஆனால் தவணையில் வாங்கிய ஒற்றை லாரியை வைத்துக் குடும்பம் நடத்துபவருக்கு மூன்று வருடம் கழித்து வரும் பணம் லாரி ஆகாது. அதனால்தான் வரிசை முக்கியம்: முதலில் பத்திரத்தின் பேரில் திருப்பிக் கொடுப்பது, யாரும் கேட்காவிட்டால் அல்லது கொடுக்க முடியாவிட்டால் மட்டுமே விற்பது. விட்டுவிட்டால் அன்றிரவே மறுபடி மணலுக்குப் போகும் என்கிறார்கள். போகக்கூடும். அதற்குப் பத்திரத் தொகையை உயர்த்தலாம், ஜி.பி.எஸ். பொருத்தச் சொல்லலாம், இரண்டாம் முறை சிக்கினால் விடாமல் இருக்கலாம். துருப்பிடிக்க விடுவது மட்டும் தண்டனை ஆகாது. கடத்தலைத் தொழிலாகச் செய்பவர், போனால் போகட்டும் என்று அடிமாட்டு விலைக்கு வாங்கிய வண்டியைத்தான் ஓட்டுகிறார். அது துருப்பிடிப்பதில் அவருக்கு நஷ்டம் கொஞ்சம்தான். மாட்டிக்கொள்பவர் டிரைவர் செய்த காரியத்துக்குப் பதில் சொல்லும் உரிமையாளர்.

கடைசி மறுப்பு எங்களைப் பற்றியது. நாள்கூலி கொடுத்தால் வண்டி நிற்க நிற்க ஒப்பந்ததாரருக்குத்தானே லாபம், அவரே கோப்பைத் தாமதப்படுத்தமாட்டாரா? நியாயமான சந்தேகம். செய்வார். ஆகவே கூலியை இறங்குமுகமாக வைக்க வேண்டும்: முதல் 60 நாளுக்கு முழுக் கூலி, அடுத்த 120 நாளுக்குப் பாதி, அதற்கு மேல் இடவாடகை மட்டும். வண்டி வெளியே போகும்போது உட்சேர்ப்புப் பட்டியலோடு ஒப்பிட்டு, குறைந்ததைக் கூலியில் பிடிக்க வேண்டும். அவரோ, அவருடைய பங்காளியோ, மைத்துனரோ அந்த யார்டின் ஏலத்தில் கலந்துகொள்ளக் கூடாது. காவல் ஒருவர், ஏலம் இன்னொருவர் என்று பிரித்துவிட்டால் ஒருவர் செய்த தவறை மற்றவர் மறைக்க வேண்டிய அவசியம் வராது. இந்த நிபந்தனைகளோடு டெண்டர் போட்டால் எங்களில் பாதிப் பேர் விலகிவிடுவார்கள். விலகட்டும்.

மாவட்டந்தோறும் ஏலப் பட்டியல் தயாரிக்கும் அதிகாரிகளிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பட்டியலில் வரிசை எண் இருக்கிறது, பதிவு எண், குற்ற எண், வண்டியின் ரகம், நிர்ணய விலை எல்லாம் இருக்கின்றன. பிடிபட்ட நாளில் அந்த வண்டி என்ன நிலையில் இருந்தது, அன்று என்ன விலை பெறும் என்ற கட்டம் மட்டும் இல்லை. அடுத்த பட்டியலில் அந்தக் கட்டத்தைச் சேருங்கள்.